ஏறி இறங்கும் பூஸ்ட்: மாற்றியமைத்த டர்போ காரில் கோளாறை அறிகுறி வழியே தேடுவது எப்படி?

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் டர்போ காரில் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம், கெட்டால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு. மாற்றியமைத்த காரில் அப்படியில்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக ஒருவர் பூட்டியிருப்பார், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பை அகலமாக இன்னொருவர் வெல்டிங் செய்திருப்பார், டியூன் (எஞ்சின் கணினியில் மாற்றி எழுதிய அமைப்பு) எங்கிருந்தோ வந்திருக்கும், பூஸ்ட் கேஜுக்கான குழாய் கிடைத்த இடத்தில் வெட்டிச் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு நாள் 0.9 பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்), மறுநாள் 0.6 பார் என்று முள் ஆடத் தொடங்கியதும் பழி மட்டும் தவறாமல் பூஸ்ட் கன்ட்ரோலர் மீது விழும். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம். இங்கே கூடம் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது.

டர்போவின் டர்பைனைச் சுழற்றுவது எஞ்சினின் புகைக் காற்று; அதோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரசர் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தேவைக்கு மேற்பட்ட புகையை டர்பைனுக்குள் விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும் சிறு கதவுதான் வேஸ்ட்கேட். அதை அசைக்கும் கருவி ஆக்சுவேட்டர்; அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் கதவை மூடி வைத்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கை வென்றதும் கதவு திறக்கிறது. மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வான சோலனாய்டோ, கையால் திருகும் கன்ட்ரோலரோ செய்வது ஒரே வேலை: ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்தோ தடுத்தோ கதவு திறப்பதைத் தள்ளிப்போடுகிறது. எனவே ஸ்பிரிங் அழுத்தத்திலேயே சீராக ஓடாத காரை எந்த கன்ட்ரோலராலும் சீராக்க முடியாது. கோளாறைக் கொஞ்ச காலம் மறைத்து வைக்க மட்டுமே முடியும். கீழே உள்ள எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

எதையும் கழற்றுவதற்கு முன்

கேஜ் முள்ளைப் பார்த்துக் கோளாறு தேடாதீர்கள். பதிவு எடுங்கள். காரின் கணினியோடு இணையும் ஓபிடி கருவி ஒன்றும் கைப்பேசிச் செயலி ஒன்றும் போதும். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்), பெடல் அளவு, த்ராட்டில் திறப்பு, ஈசியூ என்ற எஞ்சின் கணினி கேட்ட அழுத்தம், உண்மையில் கிடைத்த அழுத்தம், வேஸ்ட்கேட் டியூட்டி (சோலனாய்டை ஈசியூ இயக்கும் சதவீதம்; கூடினால் பூஸ்ட் கூடும்), உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், முடிந்தால் இக்னிஷன் பின்னிழுப்பு (தீப்பொறியைத் தாமதிக்கும் அளவு) ஆகியவை பதிவில் இருக்க வேண்டும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் வன்பொருளில் கோளாறு. ஈசியூ கேட்டதே குறைவு என்றால் அது எதற்கோ பயப்படுகிறது. வெப்பம், நாக் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது), பெட்ரோல் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினை பாதி வேலையை முடித்துவிடும்.

ஈசியூ பதிவில் வருவது முழு அழுத்தம், கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் என்பதை மறக்க வேண்டாம். கடல் மட்டத்தை ஒட்டிய நம் வடசென்னையில் பதிவில் உள்ள 190 கிலோபாஸ்கல் கேஜில் ஏறக்குறைய 0.9 பார். ஒப்பிடும்போது எப்போதும் ஒரே கியர், ஒரே தொடக்க ஆர்பிஎம். கியர் உயர உயர எஞ்சின் மீது சுமை கூடும், பூஸ்டும் சீக்கிரம் ஏறும். இரண்டாம் கியர் பதிவையும் நான்காம் கியர் பதிவையும் பக்கத்தில் வைத்துவிட்டு "சீராக இல்லை" என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

இதையெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையில் செய்ய வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் சாலை அது. டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மீது ஓட்டி அளக்கும் கருவி) செய்யலாம், இல்லையென்றால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்கு அனுமதி தரும் நாளில் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு காரை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து ஸ்பிரிங் சோதனை. சோலனாய்டை விலக்கிவிட்டு, கம்ப்ரசர் முனையிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரே குழாயை மாட்டுங்கள். ஈசியூ எச்சரிக்கை விளக்கைப் போடலாம், போடட்டும். இப்போது கிடைப்பதுதான் அடிப்படை பூஸ்ட். 0.5 பார் ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு முறையும் 0.5-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். நின்றால் கோளாறு பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பக்கம். நிற்கவில்லையென்றால் இரும்பிலோ ரப்பரிலோ இருக்கிறது. மின் மோட்டாரால் இயங்கும் வேஸ்ட்கேட் உள்ள கார்களுக்கும் வாக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) மூலம் இயங்கும் டீசல் டர்போக்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. ஆக்சுவேட்டர் குழாயைக் கழற்றி அப்படியே தொங்கவிட்டு மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். அழுத்தம் தெரியாத ஆக்சுவேட்டர் கதவைத் திறக்கவே திறக்காது. பிஸ்டன் உருகும்வரை பூஸ்ட் ஏறும்.

அறிகுறி: பூஸ்ட் மெதுவாக ஏறுகிறது, கேட்ட அளவைத் தொடவில்லை

பூஸ்ட் குறைவு என்பதற்கான பி0299 என்ற கோளாறுக் குறியீடு வருவது இங்கேதான். பதிவில் டியூட்டி உச்சத்துக்குப் போயிருக்கும், அழுத்தம் மட்டும் கீழே கிடக்கும். முதல் சந்தேகம் கசிவு. காற்றை அளக்கும் சென்சார் உள்ள காரில் கசிவு இருந்தால் அளந்த காற்று எஞ்சினுக்கு வந்து சேராது. பெட்ரோல் மிகையாகிக் கரும்புகை வரும். அழுத்தத்தை மட்டும் அளக்கும் காரில் கலவை சரியாகவே இருக்கும், எந்தப் புகையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்றுகொண்டிருக்கும்.

கசிவுச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி மூடியில் துளை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்துங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, டர்போவின் வாயில், காற்றளவு சென்சாருக்கு அடுத்த இடத்தில், மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிராங்க்கேஸ் காற்றுக்குழாய் அங்கே சேர்கிறதென்றால் அதை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் எஞ்சினின் அடிவயிற்றுக்குப் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். கால் பம்பால் 0.3 பாரில் தொடங்கி, வழக்கமாக ஓடும் பூஸ்ட் அளவுவரை மெதுவாக ஏற்றுங்கள். மூடிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, பிடி விட்டால் பறந்து வரும். சில சிலிண்டர்களில் வால்வுகள் திறந்து நிற்பதால் சைலன்சர் வழியே கொஞ்சம் காற்று போகும். கிராங்க்கை ஸ்பேனரால் சற்றுத் திருப்பினால் அது குறையும். மீதி எங்கே சீறுகிறதோ அங்கே சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடையில் செய்வதைத்தான் இங்கே எஞ்சின் மீது செய்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கார்களில் பாதிக் கசிவுகள் சோப்புத் தண்ணீருக்கு முன்பே கண்ணில் படும். டர்போவைக் கடந்து வரும் காற்றில் எப்போதும் சிறிது ஆயில் ஆவி இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே வந்து படியும். மணலி, எண்ணூர் சாலைகளின் தூசியும் சாம்பலும் அதன்மீது ஒட்டிக் கறுத்த பசையாகிவிடும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் காய்ந்திருக்க, ஒரு கிளாம்ப்பைச் சுற்றி மட்டும் ஈரமான கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே கை வையுங்கள். ஹோஸைப் பார்த்தால் மட்டும் போதாது, கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு வளைத்துப் பார்க்க வேண்டும். நேராக இருக்கும்போது வழவழப்பாகத் தெரிந்த சிலிக்கான், வளைத்ததும் கிளாம்ப் அழுத்திய கோட்டிலேயே பிளேடால் கீறியதுபோல் வாய் திறக்கும். பூஸ்ட் வந்தால் மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் இந்தக் கீறல்தான் "சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. பல் வைத்த சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப்கள் மென்மையான சிலிக்கானை வெட்டும். டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். சில நாள் ஓடிச் சூடாகி ஆறியபின் மறுபடி இறுக்குங்கள். சாதாரண சிலிக்கான் ஆயிலில் ஊறினால் தளரும். ஆயில் ஆவி வரும் இடத்துக்கு உட்புறம் ஃப்ளூரோசிலிக்கான் பூச்சு உள்ள ஹோஸ் வேண்டும். அலுமினியக் குழாயின் முனையில் மேடான விளிம்பு இல்லையென்றால் எந்தக் கிளாம்ப் போட்டாலும் ஒரு நாள் நழுவத்தான் போகிறது. லேத் பட்டறையில் அந்த விளிம்பை எழுப்பிக் கொடுப்பார்கள்.

குழாய்களில் கசிவு இல்லையென்றால், பெடலை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைக் கழற்றி, கைப்பம்பால் வாக்குவம் கொடுத்து அதன் உள்ளிருக்கும் ரப்பர் டயஃப்ரம் பிடிக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த டயஃப்ரம் குறைந்த பூஸ்டில் பிடித்துக்கொண்டு, ஏறியதும் விட்டுவிடும். அதன்பின் வேஸ்ட்கேட் கதவு. ஆக்சுவேட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு நெம்புகோலைக் கையால் அசைத்தால், அது சுழல வேண்டுமே தவிரப் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்த கதவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். பெடலை விடும்போது கிணுகிணுவென்று தகர ஓசையும் கேட்கும். புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டின் விரிசலும் கேஸ்கெட் கசிவும் இதே அறிகுறியைத் தரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்ற ஓசையும் விரிசலைச் சுற்றிக் கரிப்படிவும் இருந்தால் அதுதான்.

அறிகுறி: இலக்கைத் தாண்டிக் குதித்துப் பிறகு அடங்குகிறது

பூஸ்ட் மிகை என்பதற்கான பி0234 குறியீடு வந்து, கார் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குப் போவது இந்தக் குதிப்பால்தான். பெடலை மிதித்த கணத்தில் 0.9-க்குப் பதில் 1.2-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். ஆக்சுவேட்டர் கம்பியை அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருப்பது முதல் காரணம். கதவு மூடியிருக்கும் நிலையிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் இழுத்துத்தான் கொக்கியில் மாட்ட முடிய வேண்டும். அதற்குமேல் முறுக்கினால் பூஸ்ட் கொஞ்சம் கூடும், கதவு முழுதாகத் திறக்கும் தூரம் குறைந்துவிடும்.

இரண்டாவது, குழாய். ஆக்சுவேட்டருக்கான குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு தாமதமாகக் கதவுக்குச் செய்தி போய்ச் சேரும். பூஸ்ட் கேஜுக்கும், மிச்ச அழுத்தத்தை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வுக்கும் அதே குழாயில் கிளை எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஆக்சுவேட்டருக்கு கம்ப்ரசர் முனையிலிருந்து தனிக்குழாய், குட்டையாக. இந்த இடத்தில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் மீன்தொட்டிக் குழாயைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த தண்ணீருக்கான பொருள் அது. டர்போ பக்கத்து வெப்பத்தில் முதலில் இளகி உப்பும், பிறகு கண்ணாடிபோல் இறுகி முனையில் பிளக்கும். பிளந்தால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறையும், பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும். மலிவான குழாய் எஞ்சினையே விழுங்கும் இடம் இது.

இவை இரண்டும் சரியென்றால் மட்டும் டியூனுக்கு வாருங்கள். பூஸ்ட் ஏறும் வேளையில் டியூட்டியைக் குறைத்தால் குதிப்பு அடங்கும்.

அறிகுறி: ஆர்பிஎம் கூடக் கூட பூஸ்டும் கூடிக்கொண்டே போகிறது

குதிப்பையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். குதிப்பு வந்து அடங்கும். இது அடங்காது, 3,500 ஆர்பிஎம்மில் 0.6, 5,500-இல் 0.9 என்று ஏறிக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங் சோதனையிலும் கூட. டவுன்பைப்பையும் சைலன்சரையும் அகலமாக்கிய காரில்தான் வரும். டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்ததும் புகை அதன் வழியே எளிதாகப் பாய்கிறது. தொழிற்சாலை அளவிலான வேஸ்ட்கேட் துளைக்கு மிச்சத்தைத் திருப்பிவிடும் அகலம் போதவில்லை.

உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஆக்சுவேட்டரைக் கழற்றி, கதவை முழுதாகத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிட்டு டைனோவில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பூஸ்ட் ஏறினால் கன்ட்ரோலர், சோலனாய்டு, டியூன் எதற்கும் இதில் பங்கில்லை. டர்பைன் உறையைக் கழற்றித் துளையைப் பெரிதாக்கி, துளைக்குப் போகும் பாதையின் முனைகளை வளைவாகத் தேய்க்க வேண்டும். வியாசர்பாடி பக்கம் நல்ல கைகள் இருக்கின்றன. ஆனால் கதவு எல்லாப் பக்கமும் உட்கார விளிம்பு மிச்சமிருக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பெரிதாக்குவதில் ஆசைப்பட்டுக் கதவுக்கு வெளியே துளை எட்டிப் பார்த்தால் உறையே வீண். திறக்கும் கதவு டவுன்பைப் சுவரில் இடிக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடலாம். கதவு பாதியிலேயே முட்டி நிற்கும் கார்களும் உண்டு.

அறிகுறி: தொடக்கத்தில் சரி, மேல் ஆர்பிஎம்மில் விழுகிறது

சிறிய டர்போவில் ஓரளவு விழுவது இயல்பு. அதன் மூச்சு அவ்வளவுதான், அதைக் கோளாறாக எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். சட்டென்று விழுந்தால் வேறு. ஆக்சுவேட்டருக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். கம்பி எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்குகிறது, அழுத்தம் நிற்கிறதா கசிகிறதா என்பது தெரிந்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங் இருந்தால் புகையின் அழுத்தமே கதவைத் தள்ளித் திறந்துவிடும். இன்னொன்று, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸ். அங்கே நிகழ்வது உறிஞ்சல்; உள்ளே கம்பிச்சுருள் இல்லாத மெல்லிய சிலிக்கான் உச்ச ஆர்பிஎம்மில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. ஃபில்டரையும் தட்டிப் பாருங்கள். தூசி நிறைந்த கொடுங்கையூர் வழியாக நாள்தோறும் ஓடும் காருக்குக் கையேட்டில் போட்டிருக்கும் மாற்று இடைவெளி நீளம்.

அறிகுறி: சரியாக ஸ்பிரிங் அளவுக்கே விழுந்து, பிறகு தானாக மீள்கிறது

காலையில் 0.9, மழை பெய்த மாலையில் துல்லியமாக 0.5 என்றால் கையில் மல்டிமீட்டரை எடுங்கள். மூன்று வாய் சோலனாய்டு மின்சாரம் இல்லாதபோது அழுத்தத்தை அப்படியே ஆக்சுவேட்டருக்கு அனுப்பிவிடும் வகையில்தான் வழக்கமாக இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஸ்பிரிங் அளவு என்பது சோலனாய்டு தூங்கிவிட்டதற்கு அடையாளம். பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் நிறுத்தப்படும் கார்களில் பிளக்கின் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டித் துடைத்தால் சில வாரம் ஓடும்; முனையை வெட்டிப் புதிய டெர்மினல் போட்டு, ரப்பர் சீலோடு மூடினால்தான் தீரும். இந்த மின்சுற்றுக் கோளாறைச் சொல்லும் பி0243, பி0045 போன்ற குறியீடுகள் இருந்தால் இந்த ஐயம் உறுதி.

வெளிக்காற்றோடு திறந்திருக்கும் வாயில் சிறு ஃபில்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் விட்டால் தூசியும் மழைநீரும் உள்ளே போய் வால்வு ஒட்டிக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. அந்த நீரில் நின்ற காரென்றால் ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மெதுத்துவிடும்.

அறிகுறி: கியர் மாற்றியபின் அடுத்த கியரில் பூஸ்ட் தாமதம்

கையால் திருகும், குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த கன்ட்ரோலர் இருந்தால் அதன் பக்கவாட்டில் ஊசிமுனையளவு துளை ஒன்று இருக்கும். பெடலை விட்டதும் ஆக்சுவேட்டரில் தங்கிய அழுத்தம் அதன் வழியேதான் வெளியேற வேண்டும். துளை அடைபட்டால் கதவு திறந்தபடியே நிற்கும், அடுத்த கியரில் இழுவை தொலையும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து மெல்லிய கம்பியால் குத்தினால் முடிந்தது.

அறிகுறி: முள் படபடவென்று ஆடுகிறது

ஸ்பிரிங் சோதனையில் ஆட்டம் நின்றுவிட்டால் ஈசியூவின் திருத்தும் வேகம் அதிகம். குறைந்தால் கூட்டி, கூடினால் குறைத்துத் தன் வாலைத் தானே துரத்துகிறது. அப்போதும் நிற்கவில்லையென்றால் டைவர்ட்டர் வால்வையோ கேஜ் குழாயையோ பாருங்கள்.

அறிகுறி: பூஸ்ட் சரி, வண்டி இழுக்கவில்லை

திருவொற்றியூரில் டிரெய்லர்களுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டுப் பெடலை மிதித்தால் எந்தக் காரும் சோர்ந்துதான் போகும். இன்டர்கூலர் ஊறிய வெப்பத்தில் இருக்கும், ஈசியூ இக்னிஷனைப் பின்னிழுக்கும். அதே அழுத்தத்தில் 40 டிகிரி காற்று 25 டிகிரி காற்றைவிட ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. பதிவில் காற்று வெப்பத்தைப் பார்த்துவிட்டு, சாலை திறந்து காற்று ஓடியபின் மறுபடி எடுங்கள். உயர்ந்த ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் திறன்) உள்ள பெட்ரோலுக்கு எழுதிய டியூனில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினாலும் இதே சோர்வு.

டீசல் கார்கள்

டீசல் கார்கள் பலவற்றில் இருக்கும் மாறும் இறக்கை கொண்ட டர்போக்களில் வேஸ்ட்கேட் இல்லை; டர்பைனைச் சுற்றியுள்ள இறக்கைகளின் கோணமே பூஸ்டைக் கட்டுப்படுத்துகிறது. ஊர்ந்தே ஓடும் வண்டியில் கரி படிந்து இறக்கைகள் ஒட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஏறி மிதித்ததும் கார் பாதுகாப்பு நிலைக்குப் போய், அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். வாக்குவத்தால் இயங்கும் ஆக்சுவேட்டரென்றால் கைப்பம்பால் இழுத்து, கம்பி இடையில் எங்கும் தயங்காமல் முழுத்தூரமும் போய் வருகிறதா என்று பாருங்கள். தயங்கினால் இறக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டேங்கில் ஊற்றும் திரவங்களை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டும்போது

அடிப்படை பூஸ்ட் சீரானபின் சோலனாய்டை இணைத்து, டியூட்டியைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு பதிவு எடுங்கள். ஸ்பிரிங் அளவே வர வேண்டும். வராவிட்டால் குழாய்கள் இடம் மாறியிருக்கின்றன. அடுத்து இலக்குக்கு மேல் 0.15 அல்லது 0.2 பாரில் பூஸ்ட் வெட்டை (அந்த அளவைத் தொட்டதும் ஈசியூ எஞ்சின் சக்தியைத் துண்டிக்கும் வரம்பு) அமைத்துவிடுங்கள், இது இல்லாமல் ஒரு படியும் ஏறக் கூடாது. பிறகு ஈசியூவின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, டியூட்டியை ஐந்தைந்து சதவீதமாகக் கூட்டி ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் எவ்வளவு பூஸ்ட் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணை இலக்கை ஒட்டி வந்தபின்தான் திருத்தத்தைத் திறக்க வேண்டும், அதுவும் சிறிதளவே. டிசம்பர் இரவில் முடித்த அட்டவணை மே மாத நண்பகலில் அப்படியே பொருந்தாது. வெயிலில் இன்னொரு முறை பதிவெடுத்து, காற்று வெப்பத்துக்கான திருத்தத்தை அதற்கேற்ப நிரப்புங்கள்.